“ஓட்டுப் போட்டு என்ன ஆயிற்று?” – வேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு விவாத இழை

பாலாற்றங்கரை எழுதியது:

ஆம்பூர்ப் பக்கத்தில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீடு குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருப்பதால், தினமும் காலை ஆறரை மணிக்குக் கம்பெனி வேனில் ஏறி, காலணியின் மேற்பகுதியான ‘அப்பர்’ தைக்கும் பெண்களோடு ஒரு மணி நேரம் பயணம் செய்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி விதித்த பிறகு, முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு சனிக்கிழமை வேலை நின்றது. இப்போது வேனில் நான்கு இருக்கைகள் காலியாக இருக்கின்றன.

சென்ற வாரம் அந்த வேனில் ஒரு பெண், யாரையும் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஓட்டுப் போட்டு என்ன சார் ஆச்சு? கொஞ்ச நாளைக்கு மிலிட்டரி ஆட்சி வந்தாத்தான் எல்லாம் சரிப்படும்” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஓட்டுநர் மட்டும் தலையை ஆட்டினார். ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை என்று விரல் மையைக் காட்டிப் பெருமைப்பட்டவர் அந்தப் பெண் என்பதால்தான் அந்தப் பேச்சு என்னை இன்னும் விடவில்லை. கைக்காசு குறையும்போது மக்களாட்சியின் மீதான நம்பிக்கையும் கூடவே குறைந்துவிடுகிறதா, அல்லது குறைவதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதை இங்கு உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சத்துவாச்சாரி எழுதியது:

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது புதுப் பேச்சு அன்று. 1973, 74ஆம் ஆண்டுகளில் விலைவாசி ஏறியபோதும் இதையேதான் பேசினார்கள். 1975 ஜூன் மாதம் நெருக்கடி நிலை வந்தபோது, ரயில் நேரத்துக்கு வருகிறது, அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது என்று மகிழ்ந்தவர்களை என் இளவயதில் நேரில் பார்த்திருக்கிறேன். 1976 ஜனவரி 31 அன்று இந்த மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசையே கலைத்தார்கள். அடுத்த ஆண்டு வட இந்தியா நெருக்கடி நிலையைத் தூக்கி எறிந்தபோது, தமிழ்நாட்டில் பெரும்பாலான தொகுதிகள் காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்த கூட்டணிக்கே போயின. மக்களாட்சிக்கு நாம்தான் பிறவிக் காவலர்கள் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

இதற்கு நேர் எதிரான சான்றும் நம்மிடமே உண்டு. 1967இல் அரிசித் தட்டுப்பாடு நாட்டையே வாட்டியது. “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்ற முழக்கத்தின் பின்னால் சென்ற மக்கள், காமராசரை அவரது சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்கடித்தார்கள். பசித்தவன் வாக்குச்சாவடியைத் தேடித்தான் போனான், படை முகாமைத் தேடிப் போகவில்லை. ஆகவே வேனில் கேட்ட பேச்சைக் குக்கரிலிருந்து வரும் ஆவியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியேறுவதே நல்லது.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஆவி என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு எண்கள் இருக்கின்றன. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் நடக்கும் லத்தினோபாரோமெட்ரோ கருத்தாய்வில், மக்களாட்சியே சிறந்தது என்று சொன்னவர்கள் 2010இல் 63 விழுக்காடு. 2023இல் 48 விழுக்காடு. உலகளவிலான பல ஆய்வுகளைத் தொகுத்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், மக்களாட்சி நடைபெறும் விதத்தில் நிறைவில்லை என்போர் 1990களின் நடுவில் 47.9 விழுக்காடாக இருந்து 2019இல் 57.5 ஆகிவிட்டார்கள் என்று கணக்கிட்டார்கள்.

இந்தியாவின் எண்தான் விசித்திரமானது. 2017இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, நாடாளுமன்றமோ நீதிமன்றமோ குறுக்கிடாத வலிமையான ஒரு தலைவர் ஆள்வது நல்லது என்று 55 விழுக்காட்டினரும், இராணுவ ஆட்சி நல்லது என்று 53 விழுக்காட்டினரும் சொன்னார்கள். அதே ஆய்வில், மக்களாட்சி இங்கு நடைபெறும் விதம் நிறைவளிக்கிறது என்று பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் சொல்லியிருக்கிறார்கள். செல்லாத நோட்டு அறிவிப்பு வந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. இருந்தும் பெரும் மந்தத்தில் நாடு மூழ்கியிருந்தது என்று சொல்ல முடியாது. எனவே வறுமை கூடினால் நம்பிக்கை குறையும் என்ற நேர்க்கோடு இங்கே பொருந்தவில்லை. வேனில் பேசிய அந்த அக்காவும் அடுத்த தேர்தலில் வரிசையில் நிற்பார் என்றே நினைக்கிறேன். ஒரே மனிதர் இரண்டையும் விரும்ப முடிகிறது.

கோட்டை வாசல் எழுதியது:

பள்ளியில் வரலாறு கற்பிப்பவன் என்பதால் இந்தத் தலைப்பைக் கண்டதும் ஜெர்மனியைத்தான் நினைத்தேன். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு, பெருமந்தம் வந்து வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 இலட்சத்தைத் தொட்ட 1932ஆம் ஆண்டின் ஜூலைத் தேர்தலில் 37.3 விழுக்காடு. இதோடு நிறுத்திவிட்டுப் பசி வந்தால் சர்வாதிகாரி வருவான் என்று பாடம் முடிப்பதுதான் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன்.

அதற்குள் இருக்கும் இரண்டு செய்திகளைப் பிறகுதான் படித்தேன். வேலை இழந்த தொழிலாளர்கள் பெரும்பாலும் நாஜிகளுக்கு வாக்களிக்கவில்லை. அவர்களில் மிகுதியானோர் கம்யூனிஸ்டுகளின் பக்கம் போனார்கள். நாஜிகளுக்குக் கூடுதலாக வாக்களித்தவர்கள், தங்களுக்கும் அந்த நிலை வந்துவிடுமோ என்று அஞ்சிய சிறு வியாபாரிகளும் புராட்டஸ்டண்டு கிராமங்களின் உழவர்களும்தான். மற்றொன்று, ஹிட்லர் வருவதற்கு மூன்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே நாடாளுமன்றம் பெயரளவில்தான் இருந்தது. 1930இல் பிரதமரான புரூனிங், அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைக் கொண்டு குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகள் வழியாகவே கூலியையும் உதவித் தொகையையும் குறைத்துக்கொண்டிருந்தார். உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அவரிடம் கேட்டுப் பயனில்லை என்ற நிலையை மக்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். இருந்தும் இல்லாத மன்றத்தை 1933இல் முடக்கியபோது அழுதவர்கள் குறைவு என்பதில் வியப்பில்லை.

ஒற்றை விளக்கு எழுதியது:

ஜெர்மனி வரைக்கும் போவானேன், இராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதுமே. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பித் தர முடியாது என்று இலங்கை அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது. அதற்கு முன்பே, ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள், நீச்சல் குளத்தில் குளித்தார்கள், பிறகு வீட்டுக்குப் போய் 2024 செப்டம்பர் வரை காத்திருந்து ஓட்டுப் போட்டார்கள். 2019இல் 3 விழுக்காட்டை ஒட்டி வாங்கியிருந்த அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42 விழுக்காடு பெற்று அதிபரானார். பெட்ரோலுக்காக மூன்று நாள் வரிசையில் நின்ற சனம்தான் வாக்குச்சாவடி வரிசையிலும் நின்றது.

இலைக்கட்டு எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். என் அம்மா பீடி சுற்றுபவர். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர் முறத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து நூல் கட்டியவள். இரவில் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, காலையில் தகட்டை வைத்து வெட்டி, நாளுக்கு எண்ணூறு பீடி சுற்றிக் கொண்டுபோனால், கடையில் இருப்பவர் ஒவ்வொரு கட்டையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்து இரண்டு மூன்று கட்டுகளைக் கழிவு என்று ஒதுக்குவார். கழிவுக்குக் கூலி இல்லை, ஆனால் அந்தப் பீடியைத் திருப்பியும் தரமாட்டார். அவரோடு சண்டை போடலாம். போட்டால் நாளைக்கு இலை கிடைக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கஷ்டம் என்பது எங்களுக்குப் பழகியது. பொருளாதார நெருக்கடி என்று செய்தித்தாள் சொல்லும் மாதத்தில் மட்டும் அது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு வரி போட்டார்கள். அதே ஆண்டில் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று வசூலித்து வந்த தனித் தீர்வையையும் எடுத்துவிட்டார்கள். அப்போதும் அம்மா ஓட்டை வெறுக்கவில்லை.

அவர் வெறுத்தது 2020இல். நாடே அடைபட்ட பிறகு வாரக்கணக்கில் இலை வரவில்லை. அரிசி வாங்கும் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் தந்தார்கள். எங்கள் அட்டை எப்படியோ சர்க்கரை அட்டையாகப் பதிவாகிக் கிடந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு சிக்கல் என்றால் அம்மா அடுத்த தெருவில் இருந்த வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்குப் போவார். 2016 அக்டோபரோடு அந்தப் பதவியே காலியாகிவிட்டது. ஊராட்சிச் செயலர் இரண்டு ஊர்களைச் சேர்த்துப் பார்த்ததால் கைப்பேசியை எடுக்கவே நேரமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்த தனி அலுவலரோ ஒன்றிய அலுவலகத்தில் இருந்தார், பேருந்து ஓடவில்லை. கடைசியில் அம்மா பழைய தலைவர் வீட்டுக்குப் போய் நின்றார். அவர் நல்லவர்தான். “எனக்கு இப்ப கையெழுத்து இல்லியேம்மா” என்றாராம். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னது வேனில் அந்த அக்கா சொன்னதேதான், ஒரு சொல் மாறாமல்.

தேர்தல் எங்களுக்கு 2021 அக்டோபரில்தான் வந்தது. அடுத்த மாதமே மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தது. பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்த எங்கள் வார்டு உறுப்பினர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நள்ளிரவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். மறுநாள் பதினோரு மணி வரை சோறு வரவில்லை. அம்மா உட்பட அத்தனை பேரும் அவரைத் தெருவில் நிறுத்தித் திட்டினார்கள். அவர் பதில் பேசாமல் நின்றார், பிறகு சோறு வந்தது. அன்று சேதம் எங்களுக்கு ஊரடங்குக் காலத்தைவிட அதிகம். இரண்டு முறமும் ஒரு மூட்டை இலையும் ஆற்றோடு போயின. ஆனால் மிலிட்டரி ஆட்சியைப் பற்றி அம்மா பேசவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டை வாசல் எழுதியது:

நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். சாமி 1981இல் கோயிலுக்குள் வந்துவிட்டார். அந்தக் காலி இடத்தில் ஐந்து ஆண்டுகள் தலைவரில்லா ஊராட்சி இருந்ததை நாம்கூட மறந்துபோனோம். தங்கை எழுதியதைப் படித்த பிறகு நான் ஜெர்மனியைப் பற்றி எழுதிய பத்தியை வகுப்பில் வேறு மாதிரிதான் சொல்ல வேண்டும்.

சத்துவாச்சாரி எழுதியது:

மகளே, உங்கள் பதிவை மறுப்பதற்கு மனம் வரவில்லை. ஆனால் அரசு ஊழியர் தரப்பையும் சொல்ல ஆள் வேண்டும். 2016இல் தேர்தல் நின்றதற்கு, பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அறிவிக்கையை இரத்து செய்ததே தொடக்கக் காரணம். அதன்பின் வார்டு மறுவரையறை என்றார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, வேலூர் மூன்றாகப் பிரிந்து ஒரு மாதமே ஆகியிருந்ததால், நம் மூன்று மாவட்டங்கள் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு தெளிவாகச் சொல்லியும், ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு நியாயம் கோப்பில் இருந்தது. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் சேர்த்து வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர் என்றால், அந்த மனிதர் எத்தனை திண்ணையில்தான் உட்கார முடியும்? தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக் குழுவின் மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். தெருவிளக்குக்குப் பல்பு மாற்றவே கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது சக்கரம் திரும்பிவிட்டது என்பதையும் கவனியுங்கள். 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததால், அந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின. பிந்தி நடந்த புண்ணியத்தில் நமக்கு மட்டும் தலைவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை.

ஆனால் தலைவர் இருந்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடாது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் இருந்தும், பல ஊர்களில் நாற்காலியில் கணவர்தான் உட்காருகிறார். இன்னொன்றும் உண்டு, நம் வேலூர்த் தொகுதியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது எதற்காக? 2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த மக்களவைத் தேர்தலை, கைப்பற்றப்பட்ட பணத்தைக் காரணம் காட்டி, இரண்டு நாட்களுக்கு முன் இரத்து செய்தார்கள். மக்களவைத் தேர்தல் ஒன்று பணத்துக்காக நின்றது அதுவே முதல் முறை. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டுவிட்டு, ஓட்டால் பயனில்லை என்றால் எப்படி?

வாலாஜா எழுதியது:

அந்தக் காசைப் பற்றி நான் சொல்கிறேன், ஐயா. நான் வாங்கியிருக்கிறேன். வாங்கியவர் எல்லாரும் அந்தச் சின்னத்துக்கே போட்டார்கள் என்று நினைப்பது, கொடுப்பவரே நம்பாத ஒன்று. கையில் கூலி இல்லாத மாதத்தில் வீடு தேடி வரும் ஐந்நூறு ரூபாயை, இந்த ஐந்து ஆண்டில் நம் பங்குக்கு உறுதியாக வரும் ஒரே பணம் என்று பார்ப்பவனிடம் அறம் பேசிப் பயன் இல்லை.

எனக்குக் கசப்பு வந்தது வேறு இடத்தில். இலட்சம் கட்டினால் மாதம் எட்டாயிரம் தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில், கைத்தறியை விற்ற பணத்தைப் போட்டேன். முதல் ஆறு மாதம் சரியாக வந்தது. அப்போது எங்கள் தெருவே, அரசாங்கத்தைவிட இவர்கள் சொன்ன தேதியில் தருகிறார்கள் என்று பேசிக்கொண்டது. அந்த ஒப்பீட்டை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். 2022இல் ஷட்டர் இறங்கியது. புகார் கொடுக்கப் போனால், கட்டிய பணத்துக்கு வருமானம் காட்டினாயா என்ற கேள்விதான் முதலில் வந்தது. வலிமையான தலைவர் வேண்டும் என்று நானும் அந்த வாரத்தில் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது சொன்ன தேதியில் வந்து நிற்கும் ஒரு மனிதர்; அதைச் சொல்ல எனக்குக் கிடைத்த சொல் அதுதான்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

கேள்வித்தாளில் “வலிமையான தலைவர்” என்று அச்சிட்டுக் கேட்டால், வாலாஜா அண்ணன் “ஆம்” என்று குறித்திருப்பார்; அது 55 விழுக்காட்டுக்குள் சேர்ந்திருக்கும். நான் முன்பு எழுதியதில் இந்த எச்சரிக்கையைச் சேர்த்திருக்க வேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

தொடங்கிவைத்தவன் என்பதால், படித்தவற்றை வைத்து மறுபடியும் அந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் 2019 ஆகஸ்ட் 5 அன்று மறுபடி நடந்த தேர்தலைப் பற்றிக் கேட்டேன். வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்தான். நோட்டாவுக்கு விழுந்தவை அதைவிட அதிகம். அவர் சிரித்துக்கொண்டே, தானும் அன்று அந்தக் கடைசிப் பொத்தானைத்தான் அழுத்தியதாகச் சொன்னார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று, ‘உங்களில் யாரும் வேண்டாம்’ என்று பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். நம்பிக்கை இழந்தவர் அதற்காக வரிசையில் நிற்பாரா என்று எனக்குத் தோன்றியது, அவரிடம் கேட்கவில்லை.

பிறகு, மிலிட்டரி வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். ஆர்டர் எப்போது வரும், சனிக்கிழமைக் கூலி உண்டா இல்லையா, பி.எஃப். பணம் கட்டுகிறார்களா இல்லையா என்று கம்பெனியில் யாரும் வாய் திறப்பதில்லை. வந்து அதைச் சொல்லச் சொல்வேன் என்றார். கணக்குப் பிரிவில் இருப்பவன் நான். மூன்றாவது கேள்விக்கு விடை எனக்குத் தெரியும், ஆனால் வேனில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மீதி வழியெல்லாம் நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இலைக்கட்டு எழுதியது:

ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைப் படித்தபோது, குடிநீர்க் குழாய்ப் பழுதுக்கு எழுதியிருந்த தொகை எந்தத் தெருவுக்குரியது என்று கேட்டேன். தலைவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தீர்மானப் புத்தகத்தில் என் கேள்வியை எழுதச் செய்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பதில் இன்னும் வரவில்லை. எங்கள் வார்டு உறுப்பினர் அடுத்த முறை நிற்கப் போவதில்லையாம். நீ நில் என்கிறார். அம்மாவிடம் சொன்னேன். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “நின்னா உன்னையும் தெருவுல நிக்க வெச்சுத் திட்டுவாங்க, பரவால்லையா?” என்றார்.

சத்துவாச்சாரி எழுதியது:

நிற்பதாக இருந்தால், இப்போதே வீட்டு வரியும் தண்ணீர் வரியும் பாக்கி இல்லாமல் கட்டி இரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மகளே. ஊராட்சிக்குப் பாக்கி இருந்தால் வேட்புமனுப் பரிசீலனையில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். பத்தொன்பது ரூபாய் பாக்கிக்காக மனு போனதை நான் பார்த்திருக்கிறேன்.